மலை ஏறி இறங்கும் பழைய பிக்கப்பில் பெல்ட், புல்லி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போகும் ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. ஏற்காட்டுக்கு ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் கண் முன்னால்தான் போகும். என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்கப். காப்பி மூட்டை, மிளகு, சில்வர் ஓக் கட்டை இறக்குவார்கள். சிமெண்டும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெல்ட் விஷயத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பேன் பெல்ட் என்கிறார்களே, அது எதையெல்லாம் சுற்றுகிறது?

பேர் மட்டும்தான் பேன் பெல்ட். இன்ஜினுக்கு முன்னால், கீழே இருப்பது கிராங்க் புல்லி (புல்லி என்றால் பெல்ட் ஓடும் சக்கரம்). இன்ஜின் சுற்றினால் அது சுற்றும். அதிலிருந்து பெல்ட் வழியாக வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் (நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்), பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாம் ஓடுகின்றன. பழைய வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு மூன்று வி பெல்ட் (குறுக்கே வெட்டிப் பார்த்தால் V எழுத்து போல இருக்கும்) இருக்கும். கொஞ்சம் பிந்திய மாடல்களில் உள்பக்கம் கோடு கோடாக வரி ஓடும் ஒரே நீளமான பட்டை பெல்ட். அதில் பெல்ட்டை ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் என்று ஒன்றும், பெல்ட்டைத் திருப்பிவிடுவதற்கு ஐட்லர் புல்லி ஒன்றிரண்டும் கூடுதலாக இருக்கும்.

பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. அவ்வளவுதானே? வீடு வரைக்கும் ஓட்டிவிடலாமே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு மட்டும் இல்லை. தயவுசெய்து அப்படி நினைத்து மலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் பூஸ்டர். பூஸ்டர் வேலை செய்ய வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், வேண்டும். பெட்ரோல் வண்டியில் அது இன்ஜின் உறிஞ்சும் காற்றுப் பாதையிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். நம் ஊரில் ஓடும் பழைய டீசல் பிக்கப், ஜீப் வகைகள் பலவற்றில் அந்தப் பம்ப்பை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெல்ட் நின்றால் ஆல்டர்னேட்டர் நிற்கும், ஆல்டர்னேட்டர் நின்றால் வேக்கம் பம்ப்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதற்கப்புறம் பெடல் கட்டை.

உங்கள் வண்டியில் எப்படி என்று பார்ப்பது சுலபம். பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். டப்பா போல ஒரு பாகம், அதற்கு ஆயில் வந்து போகும் மெல்லிய பைப், அங்கிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் இருந்தால், உங்கள் பிரேக்கின் பலம் அந்த பெல்ட்டில்தான் இருக்கிறது. சில இன்ஜின்களில் வேக்கம் பம்ப்பை கேம் ஷாஃப்ட்டோ கியரோ ஓட்டும். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தப் பயம் இல்லை. ஆனாலும் பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும், தண்ணீர் சுற்றாது.

இறங்கும்போதே அறுந்துவிட்டால்?

முதலில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும். சில சமயம் பானட்டுக்குள் பட்டென்று ஒரு சத்தமும் கேட்கும். அந்த நொடியிலிருந்து உங்களிடம் நல்ல பிரேக் இரண்டு மூன்று மிதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் பெடலைப் பம்ப் அடித்து அதைத் தீர்த்துவிடாதீர்கள். கியரைக் குறையுங்கள். செகண்டிலோ பர்ஸ்ட்டிலோ இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். மிதித்தால் அழுத்தி, விடாமல், ஒரே மிதியாக மிதியுங்கள். பெடல் கல்லு மாதிரி இருந்தாலும் பிரேக் போய்விடவில்லை. முழுப் பலத்தையும் காலில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மலைச் சுவர் இருக்கும் பக்கமாக ஒதுங்கி, நின்றதும் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜினை ஆஃப் செய்து சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதை மட்டும் செய்யவே கூடாது.

ஏறும்போது அறுந்தால்?

அப்போது ஆபத்து இன்ஜினுக்கு. சேலம் நகரம் முந்நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவும் லோடோடு சின்ன கியரில்தான் ஏற வேண்டும். இன்ஜின் முழு மூச்சில் ஓடும், வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் இருக்காது. அந்த நேரத்தில் வாட்டர் பம்ப் நின்றால் ஹீட் முள் கடகடவென்று ஏறிவிடும். "இன்னும் ரெண்டு வளைவுதானே" என்று ஓட்டினவர்கள் ஹெட் கேஸ்கெட்டுக்குச் செலவழித்திருக்கிறார்கள். உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பெல்ட் முழுதாக அறுந்தால்தான் என்றில்லை. தேய்ந்துபோய் வழுக்கும் பெல்ட்டும் இதே வேலையைக் காட்டும். ஊருக்குள் ஓட்டும்போது முள் நடுவில் நிற்கிறது, மலையில் மட்டும் ஏறுகிறது என்றால், ரேடியேட்டரைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது. பத்து நொடியில் நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

மேலே நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் இரவில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். பனி ஈரம் பெல்ட்டில் படிந்திருக்கும். செல்ஃப் எடுத்து இறங்கிப்போன பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் கனமாக இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் நல்ல பெல்ட் கூட ஒரு நொடி முனகலாம். தினமும் கத்தினால், ஹெட்லைட் போட்டதும் கத்தினால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் கத்தினால் அது லூஸ், அல்லது தேய்மானம்.

சத்தத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போது, சட்டைக் கையும் துண்டும் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் அடங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் டைட் போதவில்லை. நீளமான கீச்சு இல்லாமல் குருவி கத்துவது போல விட்டுவிட்டு வரும் சத்தமும் பெரும்பாலும் நேர்கோட்டுப் பிரச்சினைதான். ஆனால் பெல்ட் ஈரமோ காய்ந்ததோ, எப்படி இருந்தாலும் "கர்ர்" என்று அரைக்கிற சத்தம் வந்தால் அது பேரிங். அதற்குத் தண்ணீர்ச் சோதனை தேவையில்லை.

விரிசலே இல்லையே, ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

பழைய ரப்பர் பெல்ட் வயதானால் குறுக்கே வெடிக்கும். அதைப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். இப்போது வரும் வரி பெல்ட்களில் பெரும்பாலானவை வேறு வகை ரப்பர். அது சீக்கிரம் வெடிப்பதில்லை, டயர் மாதிரி தேய்கிறது. மேலே பளபளவென்று புதுசு போலவே இருக்கும். திருப்பிப் பார்த்தால் வரிகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் அகன்று, வட்டமாகியிருக்கும். புல்லியின் மேடு அந்தப் பள்ளத்தின் அடியில் போய் முட்டுவதால் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். புது பெல்ட் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

வி பெல்ட்டுக்கு வேறு அடையாளம். அது பிடிப்பது இரண்டு பக்கங்களால், அடியால் அல்ல. அதன் மேல்பக்கம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்க வேண்டும். பெல்ட் உள்ளே அமுங்கி, புல்லிக் குழியின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி மினுங்கினால், பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருக்கிறது. பெல்ட் தேய்ந்திருக்கலாம், புல்லியே தேய்ந்திருக்கலாம். புது பெல்ட் போட்டும் அமுங்கினால் புல்லிதான்.

மேக்னசைட் சுரங்கப் பக்கம் லோடு அடிக்கும் வண்டிகளில் இந்தத் தேய்மானம் சீக்கிரமே வருகிறது. அந்த வெள்ளைத் தூசி வரிகளுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் போல் உரசும்.

பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாதா? புல்லி இரும்புதானே, அதற்கு என்ன ஆகும்?

காப்பி பழம் எடுக்கும் பருவம், ஒரு மாலை. தெரிந்த டிரைவர் ஒருவர் மலையிலிருந்து போன் செய்தார். "அண்ணா, பிரேக் கட்டை ஆயிடுச்சுங்க, வண்டிய சுவத்துல சாத்தி நிறுத்திருக்கேன்" என்றார். குரல் நடுங்கியது. பைக்கை எடுத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் முழு லோடு மூட்டை, முன் சக்கரத்தில் இரண்டு கருங்கல். இடது பக்கப் பாடி மலைச் சுவரில் இழுத்து, ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. வண்டி நின்றதே அந்தச் சுவரால்தான். எதிர்ப்பக்கம் வெறும் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்புறம் பள்ளம்.

பானட்டைத் திறந்தேன். பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிராங்க் புல்லியைச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகியிருந்தது. கையில் வந்த ஒரு துண்டில் கம்பெனி அச்செழுத்து வெள்ளையாக, தெளிவாக இருந்தது. புது பெல்ட். மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் போட்டது. பிறகு ஐட்லர் புல்லியில் விரல் வைத்தேன். அசையவே இல்லை. நடுவில் கிரீஸ் கருகி, கரியாக வெளியே வழிந்திருந்தது. பேரிங் பிடித்துக்கொண்டதும் புல்லி நின்றுவிட்டது, பெல்ட் அதன் மேல் உரசி உரசிச் சூடாகிக் கிழிந்துவிட்டது. பெல்ட் மாற்றின அன்றைக்கே அந்தப் புல்லியை ஒரு முறை கையால் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பேரிங் விலை சில நூறு ரூபாய்தான்.

அன்றிலிருந்து பெல்ட் கழற்றும் எந்த வண்டியிலும் எல்லா புல்லியையும் கையால் சுற்றாமல் நான் புது பெல்ட் ஏற்றுவதில்லை. வண்டிக்காரர் அவசரப்பட்டாலும் சரி.

கையால் சுற்றினால் என்ன தெரியும்?

பெல்ட் இல்லாதபோது மட்டும்தான் இதைப் பார்க்க முடியும், அதனால்தான் அந்த நேரத்தை விடக்கூடாது. ஐட்லரைச் சுண்டிவிடுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் கொஞ்சம் சுற்றி, மெதுவாக நிற்கும். மணல் அரைப்பது போலக் கையில் தட்டினால் போய்விட்டது. ரொம்ப நேரம் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தாலும் நல்லதில்லை, உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். அப்புறம் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள்.

வாட்டர் பம்ப் புல்லியில் ஆட்டம் இருந்தால் பம்ப்பையே மாற்ற வேண்டும். பம்ப்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அங்கே பச்சையோ சிவப்போ கூலண்ட் காய்ந்த தடம் தெரிந்தால் சீல் போய்விட்டது. ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் இரண்டையும் இதே மாதிரி பாருங்கள். பவர் ஸ்டியரிங் பம்ப் கொஞ்சம் பிசுபிசுப்பாகத்தான் சுற்றும், உள்ளே ஆயில் இருப்பதால்.

புல்லியை முழுதாக மாற்றணுமா, பேரிங் மட்டும் போதுமா?

இரும்பு ஐட்லர், குழி தேயவில்லை, விளிம்பு நெளியவில்லை என்றால் பேரிங் மட்டும் போதும். பல ஐட்லர்களில் 6203 பேரிங்தான் வரும்: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. பழைய பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருப்பதாகக் கேளுங்கள். சுத்தியலால் நடு வளையத்தில் அடித்து இறக்காதீர்கள், உள்ளே குண்டில் தழும்பு விழுந்து ஒரு மாதத்தில் கத்த ஆரம்பிக்கும். வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி பிரஸ்ஸில் இறக்குவதுதான் முறை.

பிளாஸ்டிக் புல்லி சூட்டில் உருகியிருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள். டென்ஷனரில் ஸ்பிரிங் தளர்ந்து, பெல்ட் ஓடும்போது டென்ஷனரின் கை படபடவென்று ஆடினாலும் முழு டென்ஷனர்தான்.

புது பெல்ட்டைக்கூட அடிக்கடி கழற்றி எறிகிறது. ஏன்?

கிராங்க் புல்லியைச் சந்தேகப்படுங்கள். நிறைய வண்டிகளில் அது ஒரே இரும்பு இல்லை. நடுக்குடம் ஒன்று, வெளி வளையம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர். அந்த ரப்பர் வயதாகி விட்டுவிட்டால் வெளி வளையம் தனியாக நழுவும், தள்ளாடும். வெள்ளை பெயிண்டால் நடுக்குடத்திலிருந்து வெளி வளையம் வரை ஒரே கோடு போடுங்கள். ஒரு வாரம் லோடு ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாகியிருந்தால் புல்லி முடிந்தது.

கோடு சரியாக இருந்தால் நேர்கோட்டைப் பாருங்கள். வளையாத நீள ஸ்கேல் ஒன்றை இரண்டு புல்லிகளின் முகத்தில் சாத்தினால் எது முன்னால் நீட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் வாஷர் விட்டுப்போனால்கூட இப்படி ஆகும். முன் ஆயில் சீல் ஒழுகி பெல்ட் நனைந்தாலும் நழுவும். ஒழுகலை நிறுத்தாமல் புது பெல்ட் போடுவது காசுக்குக் கேடு.

கடையில் என்ன அளவு கேட்பது?

பெல்ட்டின் முதுகில் எழுதியிருக்கும். வரி பெல்ட்டில் 6பிகே 1230 என்று இருந்தால் ஆறு வரி, 1230 மி.மீ. நீளம். வி பெல்ட்டில் ஏவிஎக்ஸ் 13×1000 என்றால் மேல் அகலம் 13, நீளம் 1000 மி.மீ., உள்பக்கம் பல் வெட்டியது. எழுத்து அழிந்துபோயிருந்தால் மாடலும் வருடமும் பவர் ஸ்டியரிங், ஏசி உண்டா என்பதும் சொல்லுங்கள். ஒரே வண்டிக்கே இதை வைத்து நீளம் மாறும். பழைய பெல்ட்டை நீட்டி அளந்து வாங்காதீர்கள். ஜோடி வி பெல்ட் ஓடும் வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று பழசாக இருந்தால் முழு இழுவையும் புதுசின் மேல் விழும்.

நானே மாற்றலாமா?

தாராளமாக. வி பெல்ட் மாற்ற ஸ்பேனர் செட் இருந்தால் போதும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பெல்ட் எப்படிச் சுற்றிப் போகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரி பெல்ட்டில் இதை மறந்தால் அரை நாள் போய்விடும். ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும் மேலே நீளத்துளையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, இன்ஜின் பக்கமாகச் சாய்த்தால் பெல்ட் லூஸாகி வந்துவிடும். டென்ஷனர் உள்ள வண்டியில் அதன் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். கை நழுவினால் வேகமாகத் திரும்பி அடிக்கும், விரலைப் பத்திரமாக வையுங்கள்.

புல்லிக் குழிகளை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புது பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது, உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. வரி பெல்ட்டில் ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரியும் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கீழே கிராங்க் புல்லியில்தான் ஒரு வரி தள்ளி உட்காரும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

எவ்வளவு டைட் வைப்பது?

வி பெல்ட்டில் இரண்டு புல்லிக்கு நடுவில் நீளமான இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் பத்து முதல் பன்னிரண்டு மி.மீ. இறங்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. கம்பி மாதிரி இறுக்கினால் கத்தாது என்று சிலர் கடப்பாரை போட்டு நெம்புகிறார்கள். கத்தாதுதான், ஆனால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

புது வி பெல்ட் முதலில் கொஞ்சம் நீளும். போட்டதும் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, மறுபடி பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை.

சோப்பு தேய்த்தால் சத்தம் நின்றுவிடுகிறதே?

அன்றைக்கு நிற்கும். சோப்பு, மெழுகு, கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரே எல்லாம் தூசியைப் பிடித்து ஒட்டவைக்கும், சில ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

டைமிங் பெல்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது இன்ஜினுக்குள் மூடிக்குப் பின்னால் இருப்பது, வால்வுகளை ஓட்டுவது. பல டீசல் பிக்கப்களில் அந்த இடத்தில் பெல்ட்டே கிடையாது, கியரோ செயினோ இருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

வண்டிப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கும். சேலத்து வெயிலில் நின்று, தூசியில் ஓடி, தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அதை அப்படியே நம்பமாட்டேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பெல்ட்டைத் திருப்பிப் பாருங்கள், புல்லிச் சத்தம் கேளுங்கள். காப்பிப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை, ஏப்ரல், மே வெயிலில் ஏற்காட்டுக்குக் கூட்டம் ஏறும் முன் ஒரு முறை என்று நான் பார்த்துவிடுகிறேன்.

வண்டியில் ஸ்பேராக என்ன வைத்திருப்பது?

சரியான அளவில் புது பெல்ட் ஒன்று, சுருட்டி, மடிப்பு விழாமல், சீட்டுக்கு அடியில். பேரிங் போட்ட ஐட்லர் ஒன்று. ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கான இரண்டு ஸ்பேனர், டார்ச், சக்கரத்துக்கு மரக்கட்டை இரண்டு. கழற்றிய பழைய பெல்ட்டை ஸ்பேராக வைக்க வேண்டாம். அது ஏன் கழற்றப்பட்டது என்பது மூன்று வருடம் கழித்து, குப்பனூர் ரோட்டில் இருட்டில் மாட்டும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.